லெஸ்மோ வளைவில் ஒரு வெள்ளை விரிப்பு

ரோவெரெல்லா, செப்டம்பர் 25

லோரிஸ்,

போனை நீ எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டு வாரமாக அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடிதத்தைக் குப்பையில் போடுவதற்காவது ஒருமுறை கையில் எடுப்பாய் அல்லவா? அதற்குள் நாலு வார்த்தை பேசிவிடுகிறேன்.

ஊர் இன்னும் மோன்சா கார்ப் பந்தயத்தைச் செரிக்கவில்லை. உன்னை ஒரு சுற்று முந்த வந்த நம் நாட்டுச் சிவப்பு வண்டிக்கு நீ வழிவிடாமல் ஓடியதும், அது பொறுமையிழந்து புல்லில் ஏறி முதல் இடத்தைக் கோட்டைவிட்டதும்தான் இங்கே காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு எல்லாம். சிவப்பு வண்டி ஜெயித்தால் கோயில் மணி அடிப்பது அப்பா காலத்து வழக்கம். அன்று வழக்கமாக மணி அடிக்கும் துல்யோவும் நானும் கார்ப்பியில் அவன் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் கயிறு கறிக்கடை லியார்கோவின் கையில் இருந்தது. பந்தயம் முடிந்தும் அவன் கயிற்றை விடவில்லையாம். பாதிரியார் தோன் எர்மெஸ் வந்துதான் பிரித்து எடுத்தாராம்.

மறுநாள் நம் காப்பி பாரைத் திறந்ததும் லியார்கோ முதல் ஆளாக வந்து நின்றான். "உன் தம்பி எங்க வாயில மண்ணப் போட்டுட்டான், நீவெஸ். கடைசி வண்டி ஓட்டுறவனுக்கு ஒரு எடம் போனா என்ன, வந்தா என்ன? நகந்துக்க வேண்டியதுதான?" என்றான்.

"காப்பி வேணும்னா வாய மூடு. பேசணும்னா வெளிய போ" என்றேன். காப்பி குடித்துவிட்டு வெளியே போய்ப் பேசினான்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏன்டா வழிவிடல?" அதற்கு நீ போனை வைத்துவிட்டாய். அக்கா கேட்கக் கூடாதா?

உண்மையில் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நான் கர்ப்பமாக இருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில். மருத்துவர் சிரித்தார், துல்யோ அழுதான். மார்ச்சில் பிறக்கும். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தும் ஞானத்தகப்பன் நீதான். வேறு யாரையும் நான் யோசிக்கவில்லை, யோசிக்கவும் மாட்டேன்.

நீவெஸ்


நார்தாம்ப்டன், அக்டோபர் 19

அக்கா,

கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. வாழ்த்துகள். மனதாரச் சொல்கிறேன். துல்யோ அத்தானிடமும் சொல்.

ஞானத்தகப்பனாக வேறு ஆளைப் பார். ரோவெரெல்லாவில் நான் இனி கால் வைப்பதாக இல்லை.

நீ கேட்டது தப்பில்லை. கேட்காமல் விட்டதுதான். வண்டி சரளைக்கல்லில் புதைந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். என் குழுவின் சமையல்காரர்கூட "கழுத்து எப்படி இருக்கு?" என்று கேட்டார். நீ கேட்டது சிவப்பு வண்டிக்காக.

எனக்கு இது புதிதில்லை. நம் பாரின் கவுண்டருக்கு மேலே யார் யார் படம் தொங்குகிறது? ஆஸ்திரியாக்காரன், கனடாக்காரன், பிரெஞ்சுக்காரன், ஜெர்மன்காரன். எல்லாரும் சிவப்பு வண்டி ஓட்டியவர்கள். அந்த பாரில் பிறந்து வளர்ந்தவன் படம் எங்கே? கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்.

மலேசியாவில் ஐந்தாவது வந்தேனே, நினைவிருக்கிறதா? என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. அன்று நீ போனை ஜன்னல் பக்கம் பிடித்து, "மணி கேக்குதாடா?" என்றாய். கேட்டது. அதே பந்தயத்தில் சிவப்பு வண்டி முதலில் வந்திருந்தது. அது எனக்கு அடித்த மணி இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாதது போலப் பேசி முடித்தோம்.

இனி அப்படிப் பேச எனக்குத் தெம்பில்லை.

லோரிஸ்


ரோவெரெல்லா, டிசம்பர் 11

லோரிஸ்,

கழிப்பறைப் பக்கத்துச் சுவரைப் பற்றி ஒன்று சொல்லவா? கவுண்டருக்கு மேலே இருக்கும் படங்களை இருபது வருஷமாக யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவன் உன்னைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது. அப்பா அதைத் தெரிந்துதான் அங்கே மாட்டினார். நீ நம்ப மாட்டாய் என்பதும் தெரியும்.

மணி விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னது சரி. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையில் கிடைத்த சத்தத்தை உனக்கு அனுப்பினேன். அவ்வளவுதான்.

செய்தித்தாளில் உன்னைப் பற்றி ஏதேதோ வருகிறது. உன் இடத்துக்கு ஒரு பையன் வருகிறான், அவன் அப்பாவுக்கு எண்ணெய்க் கிணறு இருக்கிறது என்கிறார்கள். உண்மையா? லியார்கோ அதைப் பாரில் சத்தமாகப் படித்துவிட்டு, கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டு, "அப்ப அடுத்த வருஷம் நம்மாளு ஒருத்தன்கூட இல்லையா?" என்று கேட்டான். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்தபோது திட்டுவது, இல்லாதபோது எண்ணிப் பார்ப்பது.

தோன் எர்மெஸ் ஞானத்தகப்பன் பெயரைக் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "அவன் கோயில் பக்கம் வந்து எத்தன வருஷமாச்சு?" என்றார். "சாமி, உங்க பூசைல தூங்குறவங்களவிட அவன் அதிகமா ஜெபம் பண்ணிருப்பான். ஒவ்வொரு வளைவுலயும்" என்றேன். எழுதிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்குக் கறி அடைத்து மடிக்கும் கப்பெல்லெத்தி பிடிக்கிறேன். வயிறு மேசையில் இடிக்கிறது, கை எட்டவில்லை. நீ இருந்தால் பாதியாவது மடித்துக் கொடுப்பாய். கோணல்மாணலாக மடிப்பாய், ஆனாலும் மடிப்பாய்.

நீவெஸ்


நார்தாம்ப்டன், பிப்ரவரி 20

அக்கா,

செய்தித்தாளில் வந்தது உண்மை. வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். அந்தப் பையன் நல்லவன், வேகமாகவும் ஓட்டுவான். வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

லியார்கோவின் கணக்கு சரி. மார்ச்சில் பந்தயம் தொடங்கும்போது வரிசையில் ஒரு இத்தாலியன்கூட இருக்க மாட்டான். நாம் சின்னவர்களாக இருந்தபோது அப்பா ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் தொடக்க வரிசையைச் சத்தமாகப் படிப்பாரே, பாதிக்குப் பாதி நம் ஊர்ப் பெயர்களாக இருக்கும். மளிகைக்கடைப் பட்டியலைப் படிப்பதுபோலப் படிப்பார். அது எப்போதும் அப்படியே இருக்கும் என்று நினைத்தோம்.

ஏன் இப்படி ஆனது என்று நிருபர்கள் என்னிடம் கேட்கிறார்கள். உலகத்துக்கே நாம்தான் கார்ட் வண்டி செய்து கொடுக்கிறோம். பிரேசிலிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் பையன்கள் நம் ஓடுபாதைகளில் வந்துதான் ஓட்டப் பழகுகிறார்கள். பழகியதும் அவர்களுக்குப் பின்னால் ஒரு வங்கியோ எண்ணெய்க் கம்பெனியோ, சில சமயம் ஒரு தேசமே, வந்து நிற்கிறது. நமக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? எல்லாரும் சிவப்பு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்கள்.

அந்த வண்டியும் நம்மை எடுக்காது. ஒருமுறை அங்கே ஒரு பெரியவர் எனக்கு வெளிப்படையாகச் சொன்னார்: "தம்பி, வெளிநாட்டுக்காரன் தோத்தா அவனத் திட்டிட்டு எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க. நீ தோத்தா ஊரே அழும். அந்த அழுகைய எங்களால தாங்க முடியாது." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அதிகமாக வலித்தது.

ஏப்ரலில் ஜப்பானுக்குப் போகிறேன். அங்கே ஒரு குழு கூப்பிட்டிருக்கிறது. சின்னப் பந்தயம்தான், நல்ல மனிதர்கள்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் வழிவிடவில்லை என்று. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். உன்னிடம் சொல்கிறேன்.

மோன்சாவில் ஓட்டும்போது இரண்டு பக்கமும் சிவப்பைத் தவிர எனக்கு எதுவும் கண்ணில் பட்டதில்லை. அன்று லெஸ்மோவில், முதல் வளைவின் வேலியில், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதில் கறுப்பு மையில் என் பெயர். லோரிஸ் என்று முழுசாக. கீழே இன்னொரு வரி இருந்தது. அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு சொல் படிப்பதே கஷ்டம், பெயரைப் பார்த்ததுமே எனக்குக் கண் மங்கிவிட்டது. அடுத்த சுற்றில் படிக்கலாம், அதற்கடுத்த சுற்றில் படிக்கலாம் என்று இருந்தேன். அப்போதுதான் சிவப்பு வண்டி பின்னால் வந்தது. வழிவிடச் சொல்லி நீலக் கொடி காட்டினார்கள். பார்த்தேன். வழிவிட்டால் ஓரமாக ஒதுங்கிக் கண்ணாடியைத்தான் பார்க்க முடியும், விரிப்பைப் பார்க்க முடியாது. லெஸ்மோ வரைக்கும் போய் அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு ஒதுங்குவோம் என்று நினைத்தேன். அவன் அதற்குள் வெளிப்பக்கமாக நுழைந்தான். உரசினோம். அவன் புல்லில், நான் சரளையில்.

இறங்கி நடக்கும்போது வேலியெல்லாம் தேடினேன். விரிப்பைக் காணவில்லை. நானாகவே கற்பனை செய்துகொண்டேனோ என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். ஞானத்தகப்பன் விஷயம் முடியாது, அக்கா. வற்புறுத்தாதே.

லோரிஸ்


ரோவெரெல்லா, ஏப்ரல் 2

லோரிஸ்,

பெண். மார்ச் 18-ஆம் தேதி. அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம், ஆர்ஜியா. உன் முன்கோபமும் துல்யோவின் காதுகளும் வந்திருக்கின்றன. காது போகப் போகச் சரியாகலாம்.

அன்றுதான் நம்மவர் யாரும் இல்லாத முதல் பந்தயம் என்று துல்யோ சொன்னான். பாரில் டிவி ஓடியதாம், யாரும் சத்தம் போடவில்லையாம்.

உன் கடிதத்தைப் படித்தேன். அந்த விரிப்பு பற்றி இப்போது எதுவும் எழுத என்னால் முடியவில்லை. பால் கொடுக்க வேண்டும், தூங்க வேண்டும். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். தோன் எர்மெஸ் முறைக்கிறார். "யாருக்காகக் காத்திருக்க?" என்றார். "உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

நீவெஸ்


ரோவெரெல்லா, மே 31

லோரிஸ்,

போன் வேலை செய்த ஐந்து நிமிஷத்தில் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் உனக்குச் சொல்ல முடிந்தது. மற்றதை எழுதுகிறேன். கால்பந்து மைதானத்தில் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஆர்ஜியா பக்கத்தில் தூங்குகிறாள்.

போன வார நிலநடுக்கத்தோடு முடிந்தது என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை காலையில் பாரைத் திறந்திருந்தோம். காப்பிக்கு ஆள் வந்த நேரம். முதலில் கோப்பைகள் பேச ஆரம்பித்தன, பிறகு சுவரே பேசியது. நான் மாடிக்கு ஓடினேன், குழந்தை அங்கே இருந்தாள். அலமாரி கவிழ்ந்து துணியெல்லாம் தரையில். கைக்குக் கிடைத்ததை இழுத்து அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது மணிக்கூண்டின் மேல்பாதி இல்லை. மணி மட்டும் கீழே இடிபாட்டில் குப்புறக் கிடந்தது. உடையவில்லை. யாருக்கும் அடியில்லை, புண்ணியம்.

சதுக்கத்தில் எல்லாரும் அழுதுகொண்டு நிற்கும்போது லியார்கோ என் கையிலிருந்த துணியைப் பார்த்தான். மடிப்பு பிரிந்து தொங்கியது. கொட்டை எழுத்தில் உன் பெயர். அவன் என்னைப் பார்த்தான், துல்யோவைப் பார்த்தான். "கார்ப்பிக்கா போனீங்க?" என்றான்.

ஆமாம், லோரிஸ். நீ கற்பனை செய்யவில்லை. அது என் கல்யாணச் சீர்வரிசையில் வந்த விரிப்பு. அம்மா ஓரம் தைத்தது. கூடத்துத் தரையில் விரித்து நானும் துல்யோவும் மூன்று நாள் எழுதினோம். மோன்சா ஞாயிறன்று அப்பாவின் பார் பூட்டிக் கிடந்தது அதுதான் முதல் தடவை. சிவப்பு வண்டி ஓடும் நாளில் வேறு பெயரைப் பிடிக்கப் போகிறோம் என்று இந்த ஊரில் யாரிடம் சொல்ல முடியும்? அதனால்தான் மாமியார் வீட்டுக் கதை.

நீ உரசி, சுழன்று, சரளையில் பாய்ந்தது என் கண்ணுக்கு முன்னால். வேலிக்கும் உனக்கும் இடையே நம் பாருக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம்தான். தூசி அடங்கும்வரை உன் வண்டியில் எதுவும் அசையவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை, லோரிஸ். பிறகு நீ இறங்கினாய், கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாய், தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினாய். நான் கத்தினேன். சுற்றிலும் எல்லாரும் கத்தினார்கள், அவர்கள் உன்னைத் திட்டினார்கள். விரிப்பைக் கிழிக்க நாலு பேர் வந்தார்கள். துல்யோ அதைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, என்னைவிடப் பெரிய வயிறோடு வெளியே வந்தான்.

"ஏன்டா வழிவிடல?" என்று நான் கேட்டது சிவப்பு வண்டிக்காக இல்லை. அந்த இடம் போனால் எனக்கென்ன, மணி அடித்தால் எனக்கென்ன. ஒதுங்கியிருந்தால் உனக்கு ஒன்றும் ஆகியிருக்காதே என்றுதான் கேட்டேன். கழுத்து வலிக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நீ கழுத்தைப் பிடித்ததை நானே பார்த்தேன். நீ போனை வைத்ததும் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. உனக்காகத்தானே வந்தேன் என்று சொல்லிக்காட்ட மனமில்லை. பிப்ரவரியில் உன் கடிதம் வந்தபிறகு சொல்லவே பயமாகிவிட்டது. நான் கட்டிய துணியைப் படிக்கப் போய்த்தான் நீ மோதினாய் என்று தெரிந்தபிறகு எந்த அக்காவுக்குக் கை ஓடும்?

இன்னொன்று. தீயணைப்புப் படையினர் நேற்று பாருக்குள் ஒவ்வொருவரையும் ஒரு சாமான் எடுக்க மட்டும் விட்டார்கள். துல்யோ காப்பி மெஷினைத் தூக்கிவந்தான். லியார்கோ தானும் உதவுகிறேன் என்று நுழைந்து, உன் படத்தோடு வந்தான். "அது கழிப்பறைப் பக்கம் இருந்துச்சு, அதுதான் கைக்கு எட்டுச்சு" என்றான். கழிப்பறை பாரின் கடைசியில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியாததா?

விரிப்பின் இரண்டாவது வரியை எழுத மாட்டேன். வந்து படித்துக்கொள்.

உன் அக்கா


கோதெம்பா, ஜப்பான், ஜூன் 9

அக்கா,

இரண்டு நாள் உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வருகிறேன். தோன் எர்மெஸிடம் சொல். கூடாரத்தில் எனக்கு ஒரு கட்டில் போட்டுவை. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தரை போதும்.

அந்த விரிப்பைத் துவைத்துவிடாதே.

லோரிஸ்


கோதெம்பா, ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்தனுப்பிய பார்மிஜானோ பாலாடைக்கட்டியை விமான நிலையத்தில் மூன்று அதிகாரிகள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

ஞானஸ்நானத்தன்று நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. நீ கூடாரத்துக்குப் பின்னால் எல்லாருக்கும் நொக்கோ ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாய். மரச்சட்டத்தில் தொங்கவிட்டிருந்த மணியை ஆர்ஜியாவுக்காக நான் அடித்து முடித்து ஒரு மணி நேரம் இருக்கும். யாரோ ரேடியோவில் பந்தயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வண்டி ஜெயித்துவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். லியார்கோ மணி அடிக்கும் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"லோரிஸ், அடிக்கலாமா?" என்றான். கறிக்கடைக்காரன் இப்படித் தணிந்து பேசி நான் கேட்டதே இல்லை.

"அடி லியார்கோ. நல்ல வண்டிதான்" என்றேன்.

அவன் அடிக்கவில்லை. சுத்தியலை என் கையில் கொடுத்தான். நான்தான் அடித்தேன். நீ பொரிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது அந்த மணிக்குத்தான். வீடு இடிந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

விரிப்பைக் குறுக்கே வெட்டியதில் உனக்கு வருத்தம் இருந்தது தெரியும், அம்மா தைத்த ஓரம் என்று. என் பெயர் உள்ள பாதி ஆர்ஜியாவின் தொட்டிலில் இருக்கட்டும். எனக்குக் கீழ்ப்பாதி போதும். அதைத்தானே நான் படிக்காமல் விட்டேன்.

நேற்று பந்தயத்தில் ஏழாவது வந்தேன். கீழ்ப்பாதியை எங்கள் கொட்டகைச் சுவரில் கட்டியிருக்கிறேன். என் பொறியாளர், மோரினாகா என்று பெயர், அதிகம் பேசாதவர், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன எழுதிருக்கு?" என்று கேட்டார்.

"மெதுவாப் போடா, கண்ணு" என்று சொன்னேன்.

அவர் கையிலிருந்த கணக்குத் தாளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடியும் துணியைப் பார்த்தார். "பந்தயத்துல இத யாரு எழுதினாங்க?" என்றார்.

"அக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, முடிச்சு தளர்ந்திருந்த ஒரு மூலையை இழுத்துக் கட்டினார்.

உன் தம்பி
லோரிஸ்